பயன்பாடு பூஜ்யம்

மக்ரூத் இனிப்புத் தட்டை நேஜியா நீட்டியபோது, தெற்கே தத்தாவின் ஊருக்கு மாற்றலாகிக் கிளம்பும் முன்ஜி ஒரு துண்டை எடுத்துக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். "சக்கரை எனக்கு ஆகாதுன்னு தெரிஞ்சே வாங்கினியா, தங்கச்சி? போறவன் ஒரேயடியா போகட்டும்னா?" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்து மேசை ரௌதா விடவில்லை. "தத்தாவின்ல மனுசங்களைவிட ஒட்டகம் ஜாஸ்தியாம்ணே. அதுங்களுக்கும் டேட்டாபேஸ் போட்டு உக்காந்துடாதீங்க."

"ஒட்டகம் தங்கமான ஜாதிடி. மெதுவாப் போனாலும் நடுவழியில நின்னுடாது."

சிரிப்பு சட்டென்று அடங்கியது. சர்வர் நின்றுபோன நாள் எல்லோருக்கும் ஞாபகம் வந்துவிட்டது.

ஏழெட்டுத் தனியார் கல்லூரிகள் சேர்ந்து ஸஃபாக்ஸ் நகரில் நடத்தும் அலுவலகம் அது. பிள்ளைகள் எந்தக் கல்லூரி வேண்டுமென்று விருப்பம் எழுதித் தருவார்கள். ஜூன் மாதத்தில் ஒரே ஒரு நாள், மதிப்பெண்ணையும் விருப்பத்தையும் பொருத்திப் பார்த்து யாருக்கு எங்கே இடம் என்று சர்வர் சொல்லும். பதினைந்து வருஷமாக அந்த நாள் முன்ஜியின் நாள். இந்த வருஷம் காலை ஒன்பது மணிக்கே சர்வர் மூச்சு முட்டி நின்றது. வாசலில் தாய்மார்கள் வெயிலில் காத்துக் கிடந்தார்கள். ஒருத்தி மயங்கி விழுந்தாள். முந்தின நாள்தான் முன்ஜி, சர்வர் எதைத் தேட வேண்டும் என்று சொல்லும் தன் க்வெரியில் இரண்டு வரி மாற்றியிருந்தார். யாரும் கேட்பதற்கு முன்பே அவர், "நான்தான் மாத்தினேன், நான்தான் காரணம்" என்று சொல்லிவிட்டார்.

காரணம் அவர் இல்லை. அது நேஜியாவுக்கு அன்று பத்து மணிக்கே தெரியும். எந்த வழியாகத் தேடுகிறது என்று சர்வரிடமே கேட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு பிள்ளைக்கும் இருபது வருஷத்துப் பட்டியலை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்துக்கொண்டிருந்தது. புத்தகத்தின் கடைசியில் எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று போட்டிருப்பார்களே, அந்தத் தாளைக் கிழித்துவிட்டால் என்ன ஆகும், அதுதான் ஆனது. கிழித்தது அவள். ஏப்ரலில், மதிப்பெண் பதிவு இழுக்கிறது என்று பள்ளிக்கூடங்கள் புலம்பியபோது, யாருக்கும் உதவாமல் சும்மா கிடந்த, அந்தத் தாள் மாதிரியான பதினொரு இண்டெக்ஸை அவள் அழித்தாள். எதிரே பயன்பாடு பூஜ்யம் என்று திரை காட்டியது. ஒவ்வொரு பதிவுக்கும் அவற்றையும் திருத்தும் வேலை மிச்சமாகி, பதிவு பறந்தது. இயக்குநர் கூட்டத்தில் எழுந்து நின்று அவளைப் பாராட்டினார்.

அந்தப் பதினொன்றில் இந்த நாளுக்குத் தேவையாக இருந்த ஒன்றை அதே பெயரில் திரும்பக் கட்டினாள். மத்தியானம் சர்வர் எழுந்துகொண்டது. அறிக்கையில் 'சரிசெய்யப்பட்டது' என்று மட்டும் எழுதினாள். சாயங்காலம் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். பிறகு நாளைக்கு என்று நினைத்தாள். சொல்லாத வார்த்தை வயிற்றுப் பிள்ளை மாதிரி நாளுக்கு நாள் கனக்கும். மூன்று வாரம் ஓடிப்போனது.

பெட்டியோடு முன்ஜி படியிறங்கியதும் அவள் இயக்குநர் அறைக்குப் போய் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இப்ப சொல்லி என்ன ஆகப்போவுது, மகளே? மாத்தல் தண்டனைன்னா நெனச்ச? அவராத்தான் எழுதிக் குடுத்தாரு. 'என் கை இனிமே நம்பறாப்ல இல்ல, எங்கயாவது பழைய காகிதம் அடுக்கற வேலை குடுங்க'ன்னாரு. நான் வேணாம்னுதான் சொன்னேன்."

அவள் முன்ஜியைத் தேடி ஓடினாள்.

லுவாஜ் என்னும் வாடகை வேன்களின் நிலையத்தில் தெற்கே போகும் வண்டிகள் வெயிலில் வரிசையாக நின்றன. எட்டுப் பேர் சேர்ந்தால்தான் வண்டி நகரும். முன்ஜியின் பெட்டி ஏற்கெனவே பின்னால் ஏறிவிட்டது. அவர் நிழலில் நின்று நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அன்னிக்கு நின்னது உங்க க்வெரியால இல்ல. ஏப்ரல்ல நான் பதினோரு இண்டெக்ஸ தூக்கினேன். அதுல ஒண்ணு..."

"மார்க்கும் விருப்பமும் சேந்த இண்டெக்ஸு" என்றார் உடனே.

"பயன்பாடு பூஜ்யம்னு காட்டுச்சுண்ணே."

"எந்த நாள்லேர்ந்து எண்ணின கணக்கு அது?"

"பிப்ரவரில சர்வர நிறுத்தி ஏத்தினோமே, அப்பலேர்ந்து."

"நிறுத்தி ஏத்தினா எண்ணிக்கையும் அழிஞ்சு மொதல்லேர்ந்து வரும், தெரியாதா? வருசத்துல ஒரு நாள் உழைக்கறவன பத்து வாரம் பாத்துட்டு சோம்பேறின்னுட்டியே." குரலில் கோபம் இல்லை. வேலை பேசும் குரல்தான். "அழிக்காம மறைச்சு வெச்சு ஒரு வருசம் பாத்திருக்கலாம். நானும் அது எதுக்குன்னு ஒரு வரி எழுதி வெச்சிருக்கணும். எல்லாம் என் மண்டையிலயே இருக்கட்டும்னு இருந்துட்டேன்."

பிறகு அவர் குரல் மாறியது.

"மூணு வாரமா அந்த க்வெரிய வரி வரியாப் படிச்சேன், நேஜியா. தப்பு கெடைக்கல. இண்டெக்ஸ் இருக்கான்னும் பாத்தேன். இருந்துச்சு."

"அது நான் அன்னிக்கு மத்தியானம் திரும்பக் கட்டினது."

"தப்பு கெடைக்காததாலதான், எனக்கு மூளை மழுங்கிடுச்சுன்னு முடிவு பண்ணினேன். பொண்டாட்டிகிட்ட சொன்னேன். அவ அழுதா."

'மன்னிச்சிடுங்க' என்ற சொல் நேஜியாவின் வாய்வரை வந்து, அவர் முகத்தைப் பார்த்துத் திரும்பிப் போய்விட்டது.

"தத்தாவின்! தத்தாவின்! ஒரே ஒரு ஆளுதான் பாக்கி!" என்று கத்திக்கொண்டே ஓட்டுநர் வந்தார். "பெரியவரே, உங்களுக்காக ஏழு பேரு உள்ள வேகறாங்க. கலியாணப் பேச்சா, ஊருக்குப் போற பேச்சா?"

வண்டிக்குள்ளிருந்து ஒரு பெண், "அவரு வரலன்னா பெட்டிய எறக்கிப் போட்டுட்டு வேற ஆள ஏத்துப்பா!" என்றாள்.

முன்ஜி ஒரு காலைப் படியில் வைத்தார். மறு கால் தார்ச்சாலையில் நின்றது. கதவைப் பிடித்திருந்த வலது கையை எடுத்து, விரல்களை விரித்து, ஏதோ அன்றுதான் தன்னிடம் திரும்பி வந்ததைப் போல உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஓட்டுநர் ஹார்ன் அடித்தார். ஏழு தலைகளும் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தன.