ஒரிஜினல் பிரேக் கட்டை

வீதியின் பெயரை எழுதாமல் மேலே போக முடியாது என்று கம்பியூட்டர் அடம் பிடித்தது. வெறும் பெட்டியைச் சுற்றிச் சிவப்புக் கோடு போட்டுக் காட்டியது. எங்கள் தேயிலைத் தோட்டத்தின் மேல்பிரிவான மேற்கணக்கில் வீதி ஏது? தேயிலை அரைக்கிற ஸ்டோரிலிருந்து எங்கள் வீட்டு வரிசையான லயத்துக்கு ஏறுகிற கல்ரோட்டுக்கு யாரும் பெயர் வைத்ததில்லை. வீட்டு இலக்கம் கேட்ட பெட்டியும் அப்படியே கிடந்தது. 'பணிய லயம், கடைசிக் காம்பரா' என்று நாங்கள் இருக்கிற அறையை எழுதிப் பார்த்தேன். அதற்கும் சிவப்புக் கோடுதான். சாமான் வாங்க வந்தவளிடம் ஊர் பேர் விசாரித்து முகம் சுளிக்கிற கடைக்காரர்கள் கம்பியூட்டருக்குள்ளும் இருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

"ஏன் புள்ள இந்தப் பாடு? என்ட கட விலாசத்தப் போடுங்களே," என்றார் நஸீர் நானா. தலவாக்கலை டவுனில் அவர் வைத்திருந்த கொமியூனிகேஷன் கடையில் நான் டைப் அடிக்கிற வேலையில் இருந்தேன். நெட் வந்த புதிது. பணம் கட்ட, டோஹாவில் இருந்த தன் தம்பியின் பேங்க் கார்டைக் கேட்டு வாங்கித் தந்ததும் அவர்தான்.

"வேணாம் நானா. கட விலாசத்துக்கு வந்தா அது கடைக்காரர் சாமானாப் போயிரும். எங்க வீட்டுக்காரர் பேருக்கு, எங்க தோட்டத்துப் பேரப் போட்டு வரணும்."

"புடிச்ச புடியிலதான் நிப்பீங்க," என்று சிரித்துவிட்டு அவர் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார்.

வீதிப் பெட்டியில் 'ஸ்டோர் இறக்கம்' என்று எழுதினேன். என் வீட்டுக்காரர் விழுந்த இடம் அதுதான். இலக்கத்துக்கு ஒன்று என்று போட்டேன். அந்த ரோட்டில் எங்களுக்கு முன்னால் யாரும் இலக்கம் கேட்டதில்லை, ஆகவே ஒன்று எங்களுடையது. பெயருக்கு, மாயாண்டி, பாண் வியாபாரி. இந்த முறை சிவப்புக் கோடு வரவில்லை. இங்கிலாந்தில் யாரோ ஒருவர் விற்பனைக்குப் போட்டிருந்த பிரேக் கட்டைகள், எங்களுடையதைப் போன்ற கம்பி பிரேக் வைத்த பழைய பெரிய சைக்கிளுக்கானவை, எங்களுக்கு என்று ஆயின. விலையைச் சொல்லமாட்டேன், சொன்னால் இப்பவும் வயிறு எரியும்.

ஒரு பிடி ரப்பருக்கு இங்கிலாந்து வரைக்கும் போகவேண்டுமா என்று கேட்பீர்கள். டவுனில் சைக்கிள் கடை இல்லையா? இருந்தது. வேலாயுதம் முதலாளியின் கடை. அந்தக் கடையில் வாங்கியதால்தான் வந்தது வினை.

மாயாண்டி எங்கள் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே பாண் விற்கிறவர். பேக்கரியில் சுட்ட பாண் ரொட்டிகளைத் தகரப் பெட்டியில் நிரப்பிச் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு, ஏற்றத்தில் தள்ளியும் இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தபடியும் தோட்டம் தோட்டமாகப் போவார். காலையில் பேர் பதிகிற பெரட்டுக்கு ஆட்கள் ஓடுகிற அவசரத்தில் கொடுத்த பாணுக்குச் சம்பளத்தன்றுதான் கேட்பார். அதையும் சத்தமாகக் கேட்கமாட்டார். கட்டைகள் தேய்ந்துவிட்டன என்று வேலாயுதம் கடைக்குப் போனார். ஒரிஜினல் வேண்டும் என்று கேட்டு, ஒரிஜினல் விலையைக் கொடுத்து, ஒரிஜினல் என்று அச்சடித்த பெட்டியைத்தான் வாங்கி வந்தார். ஒரு மழை நாள், ஸ்டோர் இறக்கத்தில், முன் சக்கரத்துக் கட்டை இரண்டாகப் பிளந்து தெறித்துவிட்டது. நிறைந்த பெட்டியோடு அவர் ஸ்டோர் மெசினுக்குக் காவலான ரோதமுனி சாமி கோயிலடித் தண்ணிக் கானுக்குள் போய் விழுந்தார். முன்பற்கள் போய்விட்டன, தோள்பட்டை எலும்பு உடைந்தது. கொழுந்து நிறுக்க வந்த பொம்பளைகள் ஓடிப்போய்த் தூக்கினார்கள். பாணெல்லாம் சேற்றில் கிடந்தது.

பிளந்த கட்டையை எடுத்துக்கொண்டு நேரே கடைக்குப் போனேன். கடை நிறைய ஆட்கள். வேலாயுதம் அதைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

"சாமான்ல ஒரு கொறையும் இல்லம்மா. தவறணப் பக்கமாப் போயிட்டு வந்து எறக்கத்துல எறங்குனா, எந்தக் கட்டதான் நிக்கும்?"

எல்லாரும் சிரித்தார்கள். மாயாண்டி திருவிழாவில்கூடக் கள்ளோ சாராயமோ ஒரு சொட்டு தொடாதவர். பக்கத்தில் யாராவது குடித்துவிட்டு வந்தால் துண்டால் மூக்கை மூடிக்கொள்கிறவர். ஆனால் அந்தச் சிரிப்பு பேக்கரிக்குப் போய்ச் சேர நேரமெடுக்கவில்லை. குடிக்கிற வெறிக்காரனிடம் பாணைக் கொடுத்தனுப்ப முடியாது என்று பேக்கரி முதலாளி சொல்லிவிட்டார். குடிக்கவில்லை என்று வேலாயுதம் சொல்லட்டும், அடுத்த நாளே பெட்டியை நிரப்பித் தருகிறேன் என்றும் சொன்னார். தோள் ஆறியதும் மாயாண்டி புல்லு வெட்டப் போனார். அவர் வருவதைப் பார்த்துப் பாணுக்கு ஓடி வந்த பிள்ளைகள், இப்போது "வெறிக்கார மாமா போறாரு" என்று கத்திவிட்டு ஒளிந்துகொண்டன.

டவுன்காரர் யாராவது சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது. இந்த வேலாயுதம் எங்கள் தோட்டத்துக் கீழ்க்கணக்கில் பிறந்தவர். அவருடைய அம்மாவும் எங்கள் அம்மாவும் ஒரே மலையில் கொழுந்து பறித்தவர்கள். லயத்து மனுசனைக் குடிகாரன் என்றால் எல்லாரும் கேள்வி கேட்காமல் நம்புவார்கள் என்று, லயத்தில் பிறந்தவருக்குத்தானே நன்றாகத் தெரியும்? தெரிந்தே சொன்னார் பாவி.

பிளந்த கட்டையைச் சாமித்தட்டில், விபூதி டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். விளக்கு வைக்கும்போதெல்லாம் அதைப் பார்ப்பேன். பார்க்கப் பார்க்க என் திட்டமும் வளர்ந்தது. சம்பளம் போட்டதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை டவுன் நிறைந்திருக்கும். அப்போது அவருடைய கண்ணாடி மேசைமேல் அசலையும் பிளந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பேன். எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டுவேன். மாயாண்டி குடிக்கவில்லை என்று அந்த வாயாலேயே சொல்லவைப்பேன். அது மட்டும் போதும் என்றுதான் வெளியில் சொல்லிக்கொண்டேன். உண்மையில் போதாது. அவர் கடைப் பலகை கீழே இறங்குவதையும் பார்க்கவேண்டும் என்று ரோதமுனிக்குச் சேவல் நேர்ந்திருந்தேன்.

"விட்டுத் தள்ளு பூரணி," என்பார் மாயாண்டி. பல் போன இடத்தில் காற்று போய் வார்த்தை பாதியாக வரும். "போன பல்லு மொளைக்கவா போகுது?"

அவர் அப்படிச் சொல்லும்போதுதான் எனக்கு ஆத்திரம் இன்னும் ஏறும். ஒரு வீட்டில் ஒருவர் பொறுமையாக இருந்தால் மற்றவருக்கு இரண்டு பேருடைய கோபத்தையும் சுமக்கவேண்டியிருக்கிறது.

பார்சல் வருவேனா என்றது. நெட்டில் பார்த்தால் கொழும்பில் இருக்கிறது என்று காட்டும். அடுத்த கிழமையும் கொழும்பில்தான் இருந்தது. அசைகிறதா என்று நான் பார்க்கப் பார்க்க, நஸீர் நானா கரண்டு பில்லை நினைத்துப் பெருமூச்சு விடுவார். ஒரு சனிக்கிழமை பார்த்தால், ஒப்படைக்கப்பட்டது என்று காட்டியது. யாரிடம்? தோட்டத்து ஆபிசில் கேட்டேன். எதுவும் வரவில்லை என்றார் கிளாக்கரய்யா. தந்தி வேகத்தில் டவுன் தபால் கந்தோருக்கு இறங்கினேன். தபால்காரர் பண்டா வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அது குடுத்தாச்சுதானே நங்கி," என்றார் தன் சிங்களத் தமிழில், சந்தோஷமாக. "சைக்கிள் சாமான்னு மேல எழுதி இருந்தது. தோட்டத்து விலாசமும். அப்ப நான் வேலாயுதம் முதலாளி கடைக்குக் குடுத்தது."

போயும் போயும் அந்தக் கடைக்கா! ஆனால் அவர்மேல் என்ன குற்றம்? லயத்துக்குத் தபால்காரர் ஏறிய வழக்கமே இல்லை. எங்கள் கடுதாசிகள் ஆபிசுக்குப் போய்த் தூங்கும், அல்லது டவுனில் பழகிய ஏதாவது ஒரு கடையில் கிடக்கும். வெளிநாட்டுக்கு மகளை அனுப்பியவர்களுடையது ஏஜென்சியில், நகை வைத்தவர்களுடையது அடைவு கடையில் என்று பண்டா தன் பாட்டுக்கு ஒரு கணக்கு வைத்துக் கொடுப்பார். அது எங்களுக்கு அவர் செய்கிற உதவி. 'ஸ்டோர் இறக்கம், இலக்கம் ஒன்று' எங்கே இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? நஸீர் நானா சொன்னபடி கேட்டிருக்கலாம். என் வீம்பு என் சாமானைக் கொண்டுபோய் எதிரியின் கையில் கொடுத்துவிட்டது.

மறுநாள்தான் சம்பளம் போட்டதற்கு அடுத்த ஞாயிறு, நான் காத்திருந்த நாள். பிளந்த கட்டையை முந்தானையில் முடிந்துகொண்டேன். வேலாயுதம் வாயால் சொன்ன கையோடு பேக்கரிக்குப் போகலாம் என்று, மாயாண்டியை, அவருடைய சைக்கிளோடும் வெறும் பாண் பெட்டியோடும், இழுக்காத குறையாக டவுனுக்குக் கூட்டிப்போனேன். தூறிக்கொண்டிருந்தது. கடை வாசலில் நல்ல கூட்டம்.

"வாம்மா. பார்சல் வந்து கெடக்கு, ஆளக் காணோமேன்னு பாத்துக்கிட்டிருந்தேன்," என்று வேலாயுதம் சிரித்த முகமாக எடுத்து நீட்டினார்.

பெட்டியில் ஒரு டேப்புக்கு மேல் இன்னொரு டேப் ஒட்டியிருந்தது. டியூப்புக்கு ஒட்டுப் போடுகிற சொலுசன் மணத்தது.

"இது ஒடைச்ச பார்சல் மாதிரி இருக்குங்களே."

"கஸ்டம்ஸ்ல ஒடைச்சிருப்பானுக. இந்தக் காலத்துல எந்தப் பார்சல நம்பி விடுறானுக?"

அதுவும் நடக்கிற காரியம்தான். கூட்டம் எட்டிப் பார்க்க, நான் பிரித்தேன். உள்ளே இருந்த கட்டைகளை மேசையில் வைத்து, முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பிளந்ததையும் பக்கத்தில் வைத்தேன். வைத்த கை அப்படியே நின்றுவிட்டது. அதே கறுப்பு, அதே முத்திரை, முதுகில் ஓடுகிற அதே பிசிறு. வேலாயுதம் தன் அலுமாரியிலிருந்து ஒரு சோடியை எடுத்து வரிசையில் சேர்த்தார். எது யாருடையது என்று பெற்ற தாயாலும் சொல்ல முடியாது.

"நல்லாப் பாத்துக்குங்க," என்றார் கூட்டத்தைப் பார்த்து. "வெள்ளக்காரன் அனுப்புனதும் இதுதான், நான் குடுத்ததும் இதுதான். சாமான் சுத்தம். நானும் லயத்துல பொறந்தவன்தான், நம்ம ஆளுகள ஏமாத்துவேனா?"

"அப்ப வெறிதான்," என்று பின்னாலிருந்து ஒருவர் சொல்ல, சிரிப்பு எழுந்தது. மாயாண்டி தலையைக் குனிந்துகொண்டு சைக்கிளின் மணியைத் துடைத்தார்.

அசலை எடுத்துவிட்டு வேலாயுதம் மாற்றி வைத்தாரா, அல்லது இங்கிலாந்திலும் ஒரு வேலாயுதம் கடை போட்டிருந்தாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கம்பியூட்டர்க் கடைக்காரனின் முகத்தில் காறித் துப்ப வழியில்லை. இவர் முகம் எனக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. அந்த முகத்தில் இருந்த சிரிப்பைப் பார்த்தபோது, என் நெஞ்சுக்குள் எரிந்துகொண்டிருந்ததெல்லாம் சட்டென்று அடங்கி, குளிர்ந்துபோனது.

"சரிங்க மொதலாளி, ஒத்துக்கிறேன்," என்றேன். "சாமான் சுத்தம். ஒங்க கையாலேயே இத எங்க சைக்கிள்ல மாட்டுங்க."

அவருக்கு வாயெல்லாம் பல். வாசலுக்கு வந்து, எல்லாரும் பார்க்கத் திருகாணியைக் கழற்றி, முன்னுக்கும் பின்னுக்கும் மாட்டி முறுக்கினார். கையைத் துணியில் துடைத்தார்.

"மாட்டியாச்சுங்களா? ஏறுங்க."

"என்னா?"

"நீங்கதான் குடிக்கிறதில்லயே. வெள்ளிக்கெழம வெரதம் இருக்கிறவரு. பாண் பெட்டியில பாரத்த ஏத்திக்கிட்டுப் பாலம் வரைக்கும் எறங்கிக் காட்டுங்க. சாமான் நின்னுச்சுன்னா, எங்க வீட்டுக்காரர் குடிச்சாருன்னு நானே ஊருக்குச் சொல்றேன்."

கூட்டம் ஓவென்றது. கடைக்கு முன்னாலிருந்து ஆற்றுப் பாலம் வரைக்கும் இறக்கம் ஸ்டோர் இறக்கத்துக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. ரோடும் நனைந்து கிடந்தது. சற்று முன் சிரித்த அதே ஆட்கள், பக்கத்துக் கடையிலிருந்து ஒரு சீனி மூட்டையைத் தூக்கிவந்து பெட்டிக்குள் வைத்தார்கள். "ஏறுங்க மொதலாளி, ஏறுங்க!" அவர்களுக்கு யார் விழுந்தாலும் சரிதான்.

வேலாயுதம் சிரித்துப் பார்த்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. கடையைத் திரும்பிப் பார்த்தார், இறக்கத்தைப் பார்த்தார். கடைசியில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். ஒரு கால் தரையில் இருந்தது. முகம் வெளிறிப் போயிருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன், அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

"சாமான் சரியில்லன்னு ஒரு வார்த்த சொல்லுங்க," என்றேன். "எறங்கிக்கலாம்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. காலைத் தரையிலிருந்து எடுத்தார்.

சைக்கிள் நகரவில்லை. பின்னால் பார்த்தேன். மாயாண்டி, ஆறியும் ஆறாத அந்தத் தோளைக் கொடுத்து, கெரியரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"விடுங்க," என்றேன்.

அவர் விடவில்லை. வேலாயுதம் பிரேக்கை இறுக்கிப் பிடித்திருந்தார். கட்டைகள் ஈரச் சக்கர வளையத்தில் கிறீச்சிட்டன. சீனி மூட்டையின் பாரம் சைக்கிளைக் கீழே இழுத்தது.

"விடுங்கன்னு சொல்றேன்ல!"

மாயாண்டி என்னை நிமிர்ந்து பார்த்தார். பல்லைக் கடிக்கப் பல்லில்லாத வாய் திறந்திருந்தது. குதிகாலை ஊன்றியிருந்தும், அவருடைய ரப்பர்ச் செருப்பு இரண்டும் நனைந்த ரோட்டில் சைக்கிளோடு சேர்ந்து பாலத்துப் பக்கமாக மெல்ல மெல்ல வழுக்கிக்கொண்டு போயின.