பார்க்கிங் இடத்தில் நாற்பது வீடு

1

இந்தக் கதை எனக்கு இனாமாகக் கிடைத்தது. என் வீட்டு வேலியை ஓரடி உயர்த்த அனுமதி கேட்டு, அமெரிக்காவின் ரிச்மண்டில் நகரத் திட்டக் குழுவின் பொது விசாரணைக்குப் போயிருந்தேன். எனக்கு முந்தைய மனு ஒரு தேவாலயத்துடையது. தங்கள் கார் நிறுத்துமிடத்தில் குறைந்த வாடகைக்கு நாற்பது வீடுகள் கட்ட அனுமதி கேட்டிருந்தார்கள். எதிர்த்துப் பேச ஊதாத் தொப்பி வைத்த ஓர் அம்மாள் எழுந்தார். ஆதரித்துப் பேசிய அம்மாள் அவருடைய நாத்தனார் என்று பக்கத்து நாற்காலிக்காரர் என் காதைக் கடித்தார். கூட்டம் முடிந்து இருவரும் ஒரே காரில் ஏறிப் போனதைப் பார்த்தேன்.

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் நான் கட்டியது. அதற்கு யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: “நகரங்கள் மனிதர்களுக்காகவா, கார்களுக்காகவா என்ற கேள்வி அமெரிக்காவில் கடந்த நூற்றாண்டின்…” கொட்டாவி வந்தது. அடித்துவிட்டேன்.

அடுத்தது: “வெர்லீன் டிப்ஸ் கார் நிறுத்தும் இடத்தில் அவள் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை; ஆனாலும் வேறு யாரும் அங்கே நிறுத்தத் துணிந்ததில்லை.” இது பரவாயில்லை. தொடர்கிறேன்.

தேவாலய வாசற்படியை ஒட்டிய இடம் அது. கணவன் ராய்ஸ் இறந்தபின் வெர்லீனுக்கு மிஞ்சியது ஒரு வீடு, அந்தக் கார், தேய்ந்துபோன இரண்டு முழங்கால்கள். கடைக்கோ வைத்தியரிடமோ போக யார் தயவும் வேண்டாம் என்பதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. ஞாயிறன்றுகூடத் திடலில் பாதிக்குமேல் காலிதான். வாடகை ஏற ஏற, சபையார் ஊரின் ஓரங்களுக்குச் சிதறிப்போயிருந்தார்கள்.

அப்படிப் போனவர்களில் ஒருத்தி ஒனீடா, ராய்ஸின் தங்கை. மருத்துவமனைச் சமையலறையில் வேலை. இரண்டு பஸ் மாறி வந்து, இரண்டாவது பாட்டின்போது பின்வரிசையில் உட்காருவாள். வெர்லீன் திரும்பி ஒரு பார்வை பார்ப்பாள். ஏன் தாமதம் என்று கேட்டதில்லை. ஒனீடாவும் சொன்னதில்லை.

(இங்கே எனக்கு வெர்லீன்மேல் சந்தேகம் வந்தது. இவ்வளவு கல்நெஞ்சமா? பிறகு நானே யோசித்தேன்: பஸ்ஸில் வருகிறவர்களில் “எப்படி வந்தீர்கள்” என்று நான் எத்தனை பேரைக் கேட்டிருக்கிறேன்? வெர்லீனை அப்படியே விட்டுவிட்டேன்.)

3

அந்தப் பகுதிக்குப் புதிதாகக் குடிவந்த டோபின் என்ற இளைஞன், குடியிருப்போர் சங்கத்தின் சார்பில் ‘ஆப்பிள் பை’ என்ற இனிப்புப் பண்டத்தோடு வெர்லீன் வீட்டுக்கு வந்தான். “அந்த நாற்பது வீடு வேண்டாம்னு நீங்க பேசினாத்தான்மா எடுபடும். நாங்க பேசினா, நேத்து வந்தவங்கன்னுடுவாங்க,” என்றான். வெர்லீனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

முதல் பிரதியில் அவளை மைக் முன்னால் மனம் மாறவைத்தேன். “நான் எதிர்த்துப் பேசத்தான் வந்தேன், ஆனால்…” என்று தொடங்கி அவள் அழ, மண்டபமே எழுந்து கைதட்ட –

இல்லை. ஆப்பிள் பையைத் தின்றுவிட்டு அப்படிச் செய்கிறவள் இல்லை வெர்லீன்.

அவள் எதிர்த்துத்தான் பேசினாள், நன்றாகவே பேசினாள். “என் முட்டிக்கு வயசாச்சு. தெருவுல எங்கயோ காரை விட்டுட்டு நொண்டி நொண்டி வரணுமா? நாற்பது வீட்டுல யாரு வருவாங்கன்னு எனக்கெப்படித் தெரியும்?”

அடுத்து ஒனீடா மைக்கைப் பிடித்தாள். “யாரு வருவாங்கன்னு எங்க அண்ணி கேக்கறாங்க. நான்தான் வருவேன்,” என்றாள். உட்கார்ந்துவிட்டாள்.

(அவர்கள் மொழியில் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள். ஆனால் அந்தக் குரலில் எனக்கு ‘அண்ணி’ என்றுதான் கேட்டது.)

குழு அனுமதி கொடுத்தது.

4

வெளியே ஒனீடா பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தாள். வெர்லீன் காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினாள்.

“ஏறு.”

“பஸ் வரும் அண்ணி.”

“எப்ப? கர்த்தர் வர்றப்பவா? ஏறுன்னா ஏறு.”

கார் நெடுஞ்சாலையில் ஏறியது. டயர் கடைகள் போயின, சாமான் வைக்கும் கொட்டகைகள் போயின.

“இன்னும் எவ்வளவு தூரம்டி? வேற மாநிலம் வந்துடும் போலருக்கே.”

“இன்னும் போகணும்.”

கடைசியில் ஒனீடா கைகாட்டிய இடத்தில் ஒரு பள்ளத்தின் விளிம்பில் பஸ் நிறுத்தத்தின் ஒற்றைக் கம்பம் நின்றது. நடைபாதை இல்லை, பெஞ்சு இல்லை. லாரிகள் உரசிக்கொண்டு போயின. அதற்கு அப்பால்தான் ஒனீடா குடியிருந்த கட்டடம்.

“இங்கயா நிக்கற?”

“பின்ன, படுத்துக்கிட்டா இருப்பேன்?”

“மழை வந்தா?”

“நனைவேன்.”

வெர்லீன் என்ஜினை அணைத்தாள். “ஒவ்வொரு வாரமும் திரும்பித் திரும்பி மூஞ்சியக் காட்டினேனே. சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?”

“நீங்க கேட்டீங்களா?”

வெர்லீன் சொன்னாள்: “அந்த இடமும் போச்சுன்னா, இந்தக் காரும் ஒரு நாள் போயிடும்னு தோணுது. அப்புறம் எனக்கு யாரு?”

“எனக்கு இப்பவே கார் இல்ல அண்ணி. என்கிட்டப் போய்க் கேக்கறீங்களே.”

“உங்கண்ணன் இருந்தா என்னைக் கிழிச்சிருப்பாரு.”

“அண்ணன் இருந்தா அவருதான் ஓட்டியிருப்பாரு. பக்கத்துல உக்காந்து, தப்பான வழின்னு நீங்க கத்திக்கிட்டே வந்திருப்பீங்க.”

இருவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. (ஒரு பத்தி முழுக்க அந்தச் சிரிப்பை விளக்கி எழுதியிருந்தேன். வேண்டாம்.)

5

நிலத்தைக் கொடுப்பதா என்று கடைசியாகச் சபை கூடி முடிவெடுக்கவேண்டும். அந்த ஞாயிறு வெர்லீன் எழுந்து நின்றாள்.

“கட்டுங்க பாஸ்டர். ஒரு வீடு ஒனீடாவுக்குன்னு எழுதிக் குடுங்க, கையத் தூக்கறேன்.”

பாஸ்டர் குவின்டன் இல்லையென்று தலையாட்டினார். “முடியாதே சிஸ்டர். விண்ணப்பிச்ச எல்லார் பேரையும் போட்டுக் குலுக்கித்தான் குடுப்பாங்க. ஒனீடா பேரும் அதுல ஒண்ணு.”

“அப்ப என் இடத்தையும் குடுத்துட்டு, யாரோ முன்ன பின்ன தெரியாதவங்க குடியேறறதைப் பாத்துக்கிட்டு நிக்கணுமா?”

“ஆமா சிஸ்டர். அப்படியும் ஆகலாம்.”

கதை இங்கே வாரக்கணக்கில் நின்றுபோயிற்று. ஒனீடாவுக்கு வீடு உறுதி என்றால் வெர்லீனுக்குக் காரணம் இருக்கிறது. யாரோ ஒருவருக்காக ஏன் கை தூக்குவாள்? அந்தக் கம்பத்தை நினைத்தாளா? ஒனீடா பின்வரிசையில் அசையாமல் உட்கார்ந்து, தனக்காக எதுவும் கேட்காதிருந்ததாலா? மூன்று காரணங்கள் எழுதிப் பார்த்தேன். மூன்றும் பிரசங்கம்போல் இருந்தன.

நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

“முட்டி வலிக்காரங்களுக்கு வாசல்கிட்ட இடம் விடுவீங்களா?”

“சட்டப்படி விட்டே ஆகணும் சிஸ்டர். வரைபடத்துலயே இருக்கு.”

“அதை முதல்லயே சொன்னா நாக்கு தேஞ்சிடுமா?” என்று முணுமுணுத்துக்கொண்டே கையைத் தூக்கினாள். தோளுக்குமேல் போகவில்லை. ஆனாலும் எண்ணிக்கையில் சேர்த்துக்கொண்டார்கள்.

6

கட்டடம் மூன்றாம் தளத்துக்கு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் வெர்லீன் நெடுஞ்சாலையில் போய் ஒனீடாவை ஏற்றிவருகிறாள். வழி முழுக்கச் சண்டை. குலுக்கல் இன்னும் நடக்கவில்லை.

நான் நினைத்தால் நடத்திவிடலாம். “முதலில் வந்த பெயர் ஒனீ –” இப்படி எழுதி, பாதியில் நிறுத்தினேன். “ஒனீடாவின் பெயர் கடைசிவரை வரவே –” இதையும் நிறுத்தினேன். கதை எழுதுகிறவன் நடத்தும் குலுக்கல் மோசடி. எந்தச் சீட்டு எங்கே கிடக்கிறது என்று அவன் கைக்குத் தெரியும். அதோடு, குலுக்கல் பெட்டியிலிருக்கும் மற்றவர்களுக்கு நான் பெயர்கூட வைக்கவில்லை. அவர்களும் எங்கோ ஒரு பள்ளத்தின் ஓரம் கம்பத்தருகே நின்று நனைகிறவர்கள்தானே? ஒனீடாவை எனக்குத் தெரியும் என்பதற்காக அவர்களை எப்படித் தள்ளிவிடுவது?

ஆகவே பெட்டியை உங்கள் பக்கம் நகர்த்துகிறேன். வாடகைக்குப் பயந்து ஊர் ஓரத்துக்குப் போன யாரையாவது உங்களுக்கும் தெரிந்திருக்கும். அவர் பெயரையும் போடுங்கள். நன்றாகக் குலுக்குங்கள். கண்ணை மூடிக்கொண்டு கையை விடுங்கள்.

யார் பெயர் வந்தாலும், அவர்களுக்கு வீடு கிடைத்துவிட்டது.