தினம் இரண்டு வெள்ளைக்கரு

முட்டையைக் குறிக்கும் 'பித்தர' என்ற சிங்களச் சொல் இராஜகுமாரிக்கு விளங்காமலிருக்க நியாயமில்லை. முப்பது வருஷம் கண்டி டவுனில் கணவரோடு துணிக்கடை நடத்தியவள். சிங்களத்தில் பேரம் பேசி, சிரித்து, வேண்டியபோது சண்டையும் பிடித்தவள். ஆனாலும் இரத்தம் சுத்திகரிக்கும் வார்டில், உணவு ஆலோசனை சொல்லும் பெண் கட்டிலருகே நின்று மூன்றாம் முறை அந்தச் சொல்லைச் சொன்னபோதும், "என்ன சொல்றாங்க?" என்று மகளைப் பார்த்தாள்.

"தினம் ரெண்டு முட்டை சாப்பிடணுமாம்மா. வெள்ளைக்கரு மட்டும். ரத்தத்துல புரதம் கொறஞ்சிக்கிட்டே போகுதாம்" என்றாள் கஜனி.

"பருப்பு சாப்புடுறேன்னு சொல்லு."

சொன்னாள். அந்தப் பெண் பொறுமையாகத் தலையசைத்தாள். பருப்பையும் சோயாவையும் கூட்டினால் பொட்டாசியம் ஏறும், பழுதான சிறுநீரகம் அதை வெளியேற்றாது, பாலுக்கும் அளவுண்டு. பிறகு கஜனியை நடைபாதைக்குக் கூட்டிப்போய் மிச்சத்தைச் சொன்னாள். இப்படியே போனால் இன்னும் சில மாதங்களில் மெஷினைத் தாங்குகிற தெம்பு அம்மாவின் உடம்பில் இருக்காது.

திரும்பி வந்தபோது, பக்கத்துக் கட்டில் ஹபீலா பேசிக்கொண்டிருந்தாள். அக்குறணையிலிருந்து வருகிறவள்; அவளுக்கும் இதே நோய், இதே கிழமைகள். "மருந்தெண்டு நெனச்சி சாப்பிடுங்களே ராத்தா. உசிர விடப் பெரிசா?"

இராஜகுமாரியின் வாடிய முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "எம் மக நாலு வருஷம் ஜப்பான்ல படிச்சா. மீன் போடாத சாப்பாடே கெடையாதாம் அங்க. அந்தக் குளிர்ல தனியா கெடந்தும் ஒரு முட்டையத் தொடல. சின்னப் புள்ள, அவளே இருந்துட்டா. எனக்கென்ன?"

ஹபீலா கஜனியை வியப்போடு பார்த்தாள். கஜனி போர்வையின் நுனியை இழுத்துச் சரிசெய்தாள். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

முதல் ஏழு மாதம் அம்மா சொன்னதெல்லாம் உண்மைதான். விடுதி அறையில் ஒரு சின்ன ரைஸ் குக்கர். கடையில் ஒவ்வொரு உணவுப் பக்கெட்டையும் கையிலெடுத்து, போனில் மொழிபெயர்த்து, மறுபடி தட்டில் வைத்துவிட்டு வருவாள். உருளைக்கிழங்குச் சிப்ஸில்கூட மாட்டிறைச்சிச் சாறு இருந்தது. ஆய்வுகூடத்து விருந்துகளில் வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் பேராசிரியர் அவளுக்கென்றே மரக்கறி நூடில்ஸ் சொல்லி வாங்கித் தந்தார். முழுக்கக் குடித்து முடித்த பிறகுதான், சூப் மீன் சாற்றில் செய்தது என்று யாரோ சொன்னார்கள். கடையின் கழிவறையில் குனிந்து, தொண்டைக்குள் விரல் விட்டுக் கக்கினாள். மற்றவர்கள் வெளியே காத்திருந்தார்கள். அதற்குப் பிறகு அவளைச் சங்கடப்படுத்த வேண்டாமென்று, அன்பினாலேயே கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

பெப்ரவரியில் காய்ச்சல் வந்தது. நான்கு நாள் எழும்ப முடியவில்லை. ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டே இருந்தது. பக்கத்து அறை வியட்நாம்காரி லின் ஒரு கிண்ணத்தில் கஞ்சி கொண்டு வந்து வைத்தாள். கஞ்சிக்குள் மஞ்சள் மஞ்சளாய் முட்டை நூல்கள். கஜனி பார்த்தாள். என்னவென்று தெரிந்துதான் சாப்பிட்டாள். கிண்ணத்தை விரலால் வழித்துக்கூடச் சாப்பிட்டாள். அன்று அம்மா போனில் "என்ன சாப்புட்ட?" என்று கேட்டதற்கு, "கஞ்சிம்மா" என்றாள். அது பொய்யில்லை. அதற்குப் பிறகு சொன்னதெல்லாம் பொய். முட்டை, மீன், ஒருகட்டத்தில் கோழியும். ஊர் திரும்பியதும் விட்டுவிட்டாள். விட்டது பெரிய காரியமாகவும் இல்லை. ஆனால் அம்மா அதற்குள் ஊரெல்லாம் சொல்லி முடித்திருந்தாள்.

வீடு திரும்பும் வழியில், குண்டசாலைச் சந்தியில் திரீவீலரை நிறுத்தச் சொல்லி, மருந்து வாங்குவதாக இறங்கி நான்கு முட்டை வாங்கினாள். அந்த வீட்டு அடுப்படிக்கு முட்டை வருவது அதுதான் முதல் தடவை. அம்மா படுத்திருந்தாள். தோசை மாவில் கலந்துவிட்டால் தெரியாது. நாக்கில் ருசியே இல்லை என்று அவளே சொல்கிறாளே. கஜனி ஒன்றை உடைத்து, மஞ்சளை ஒதுக்கி, வெள்ளையை மாவில் ஊற்றக் கிண்ணத்தைச் சாய்த்தாள். அந்த நூடில்ஸ் கடைக் கழிவறை நினைவுக்கு வந்தது. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு அறைக்குப் போனாள்.

"அம்மா, நான் அங்க முட்டை சாப்புட்டேன். மீனும். கோழியும். உங்ககிட்ட பொய் சொன்னேன்."

இராஜகுமாரி கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். "எப்ப மொதல்ல?" என்றாள்.

"காய்ச்சல்ல."

"காய்ச்சல்னு நீ சொல்லவே இல்லியே."

"சொன்னா பயப்படுவீங்க."

"யாரு பாத்துக்கிட்டா?"

"லின்னு ஒரு புள்ள. பக்கத்து ரூம்."

"லின்" என்று அம்மா ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "நல்லா இருக்கட்டும்."

கஜனி கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். "நானே சாப்புட்டேன்மா. ஒண்ணும் ஆகல. நீங்களும் சாப்புடுங்களேன். எனக்காக."

இராஜகுமாரி மகளின் பக்கம் திரும்பினாள். கண்ணில் கோபமில்லை, கோபமாவது இருந்திருக்கலாம் என்று கஜனிக்குத் தோன்றியது.

"உனக்குப் பசிச்சுச்சு, சாப்புட்ட. அதுல என்ன தப்பு?" என்றாள் மெதுவாக. "எனக்குத்தான் பசியே இல்லியேம்மா."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. எதிர்வீட்டில் யாரோ கொடியிலிருந்த துணிகளை அவசரமாக உருவினார்கள். அம்மா இடது கையை நீட்டினாள். மெஷினுக்கென்று இரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்த இடம் அது. இரத்தம் ஓடுகிறதா என்று தினமும் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

"ஓடுதா பாரு."

கஜனி உள்ளங்கையை அதன்மேல் வைத்தாள். கடதாசிபோல் மெலிந்த தோலுக்கடியில், மூடிய கைக்குள் அகப்பட்ட வண்டைப்போல, இரத்தம் விர்ரென்று அதிர்ந்துகொண்டிருந்தது.

"ஓடுதும்மா" என்றாள். கையை எடுக்கவில்லை.