மூன்று மணிக்குக் கழுவிய படி

1

இந்தக் கதை என்னுடைய ஒரு பொய்யில் பிறந்தது. தெரிந்து சொன்ன பொய் இல்லை. தெரியாமல், தெரிந்தவன் மாதிரி எழுதினேன். அது இன்னும் கேவலம்.

எண்பத்தொன்றாம் வருடம், மதுரையில் எங்கள் திரைப்படச் சங்கம். நாற்பது நாற்காலி, பன்னிரண்டு பேர். ஒருமுறை, அறுபதுகளில் பிரிட்டனில் எடுத்த குறும்படங்களும் ஆவணப்படங்களும் ஐந்தாறு டப்பாக்களில் வந்தன. அவற்றில் ஒன்று ‘ஒரு தெருவின் விடியல்’. கறுப்பு வெள்ளை, பதினெட்டு நிமிடம். அந்த நாட்டின் வடக்கே, லங்காஷயரில் ஒரு மில் தெரு. தலையில் துணி கட்டிய ஒரு பெண் முட்டிபோட்டு, சேறு அப்பிய வாசற்படியைத் தேய்ப்பாள். தேய்த்துக்கொண்டே இருப்பாள். பின்னாலிருந்து ஒரு ஆண் குரல், தொண்டையில் வெண்ணெய் தடவிய குரல், சொல்லும்: “அவள் கழுவுகிறாள். அழுக்கு ஜெயிக்கிறது.”

எனக்குப் புல்லரித்துவிட்டது. ஒரு சிற்றிதழில் ஆறு பக்கம் எழுதினேன். ‘ஒப்பனையற்ற உண்மையின் படிமம்’ என்று ஒரு வரி. அந்த வரிக்காக இரண்டு பேர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அதில் ஒருவர் படத்தையே பார்க்காதவர்.

பிறகு பிழைப்பு என்னை அதே லங்காஷயரில் கொண்டுவந்து போட்டது. முப்பது வருடம் ஓடிவிட்டது. அந்தக் காலத்தில் ஒரு வீட்டுப் படி அப்படிச் சேறாகக் கிடந்தது என்று சொல்லும் ஒரு ஆளை இன்றுவரை இங்கே பார்க்கவில்லை. படி அழுக்காக இருந்தால் வீட்டுக்காரி செத்திருக்க வேண்டும், அல்லது சாகக் கிடக்க வேண்டும். இப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள்.

அப்படியானால் அந்தச் சேறு எங்கிருந்து வந்தது? அதைச் சொல்லத்தான் இந்தக் கதை. இனி வரும் ஆட்கள் எல்லாம் நான் கற்பனையில் கட்டியவர்கள்.

2

முதல் தொடக்கம்: ‘1963, அக்டோபர். ஆலைப் புகைக்கு நடுவே சூரியன் ஒரு காயத்தைப் போல…’ (அடித்துவிட்டேன். சூரியன் காயம் மாதிரி எந்த ஊரிலும் உதிப்பதில்லை.)

இரண்டாவது தொடக்கம்: ‘விடிகாலையில் பெண்கள் படிகளைக் கழுவி, சுண்ணக்கட்டி போன்ற மஞ்சள் கல்லால் படியோரம் கோடு இழுத்தார்கள், வாசலில் கோலம் போடுவதைப் போல…’ (இதையும் அடித்துவிட்டேன். கோலத்தைக் கொண்டுபோய் என் கதாநாயகி எட்னாவின் வாசலில் வைத்தால் நீங்கள் “அட, நம்ம ஊர் மாதிரி” என்று நெகிழ்ந்துவிட்டு, மேற்கொண்டு பார்ப்பதை நிறுத்திவிடுவீர்கள். எனக்கு உங்களைத் தெரியும்.)

மூன்றாவது தொடக்கம் எட்னாவுடையது. அது நிற்கும் என்று நினைக்கிறேன்.

3

எட்னா ஹார்க்ரீவ்ஸ் டெலிவிஷன் காமிராக்காரர்கள் வருகிறார்கள் என்று தெரிந்ததும் முதலில் செய்தது, கடைத்தெருவுக்குப் போய் முடியைச் சுருட்டிக்கொண்டு வந்ததுதான். பிறகு முன்னறையைத் திறந்தாள். அது கிறிஸ்துமஸுக்கும் சாவுக்கும் மட்டும் திறக்கிற அறை. பீங்கான் கோப்பைகளை இறக்கிக் கழுவி மேஜையில் அடுக்கினாள். உலர்பழக் கேக் ஒன்று செய்து மூடி வைத்தாள். ஒன்பது வருடமாக அல்மா தெருவில் எட்னாவின் படிதான் முதல் படி. காலை ஆறரைக்கு அவள் வாளியோடு வெளியே வந்தால் மற்றவர்கள் கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொள்ளலாம். வீடு மில்காரனுடையது, புருஷன் வில்ஃப் தறிக்கு வாழ்க்கைப்பட்டவன், பிள்ளைகள் கிடையாது. அவளுக்கென்று இருந்தது அந்தத் தெருவில் அவளுக்கு இருந்த பேர்தான். அந்தப் பேரும் படியில்தான் இருந்தது.

படத்தை இயக்க வந்தவன் பெயர் ரூபர்ட் லாங்லி. இருபத்தாறு வயது, தெற்கத்திப் பேச்சு, நீளமான கழுத்துத்துணி. கேக்கை இரண்டு துண்டு தின்றான், மனசாரப் பாராட்டினான், முன்னறையை ஒரு பார்வை பார்த்துவிட்டு அழகாகக் கதவைச் சாத்தினான். இங்கே வெளிச்சம் போதாது என்றான். பின்கட்டில், ஆணியில் குளிக்கிற தகரத் தொட்டி தொங்குகிற இடத்தில், அதைவிட வெளிச்சம் குறைவு. அங்கே விளக்குப் போட்டுக்கொண்டார்கள். சுருட்டிய முடியின் மேல் ஒரு துணியைக் கட்டிக்கொள்ள முடியுமா என்று கேட்டான். கட்டிக்கொண்டாள்.

(ரூபர்ட்டைப் பற்றி ஒரு சந்தேகம். இவனைக் கோமாளியாக ஆக்குவது எனக்கு ரொம்பச் சுலபமாக வருகிறது. கழுத்துத்துணியை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: அவன் நல்லவன். ஏழைகளுக்காக உண்மையிலேயே மனம் வெந்தவன். கெட்டவனாக இருந்திருந்தால் எட்னா துடைப்பத்தால் விரட்டியிருப்பாள், நமக்கும் கதை இல்லை.)

4

அல்மா தெருவின் அந்த வரிசையில் காலையில் வெயில் விழாது. மதியம் இரண்டரைக்கு மேல்தான் எட்டிப்பார்க்கும். ‘விடியல்’ படத்தின் விடியலை அதனால் பிற்பகல் மூன்று மணிக்கு வைத்தார்கள். படம் எடுக்கிறவர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. அல்மா தெருவுக்கு அதுதான் விஷயம். மூன்று மணிக்குப் படி கழுவுகிறவள் காலையில் தூங்கினவள், அல்லது குடித்தவள்.

எட்னா அதைச் சொல்லிப் பார்த்தாள். படத்தில் மணி தெரியாது என்றான் ரூபர்ட். அது சரிதான். படத்தில் தெரியாது, எதிர்வீட்டு ஐவிக்குத் தெரியும். அவள் வீட்டு ஜன்னல் வலைத்துணி அப்போதே ஒருமுறை ஆடி நின்றது.

அடுத்து படியைப் பார்த்தான். அங்கேதான் வினை.

“மிசஸ் ஹார்க்ரீவ்ஸ், படி ரொம்ப வெள்ளையா இருக்குங்க.”

“ஆமா, காலைல தேச்சது.”

“அதான் சிக்கல். சுத்தமா இருக்கிறத நீங்க கழுவினா பாக்கிறவங்களுக்கு உண்மையாத் தெரியாது.”

“சுத்தமா இருக்கிறதத்தாங்க நாங்க தினம் கழுவுறோம்.”

இந்தப் பதிலை நான் நாலு நாள் யோசித்து எழுதினேன். எட்னா யோசிக்காமல் சொன்னாள். ரூபர்ட் ஒரு நிமிடம் அவளை வியப்போடு பார்த்தான். அந்த ஒரு நிமிடத்தில் அவன் கையில் ஒரு நல்ல படம் இருந்தது. பிறகு உதவியாளனைக் கால்வாய்க் கரைக்கு அனுப்பினான்.

ஒரு வாளிச் சேறு வந்தது.

5

ஏன் ஒத்துக்கொண்டாள்? நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். மூன்று காரணம் எழுதி மூன்றையும் அடித்தேன். வறுமை என்று எழுதினேன், அவள் அவ்வளவு ஏழை இல்லை. பயம் என்று எழுதினேன், அவள் மில் மேலாளனையே வாசலில் நிறுத்தி வைத்துப் பேசினவள். அறியாமை என்று எழுதி, எழுதிய கையை நானே பார்த்துக்கொண்டேன்.

உண்மை இதுதான். அவன் “நீங்க” என்று பேசினான்*. வீட்டுக்கு வந்து கேக் தின்ற விருந்தாளி. இத்தனை பேர் அவளுக்காகக் காத்து நின்றார்கள், பிறந்ததிலிருந்து அவளுக்காக யாரும் அப்படி நின்றதில்லை. டெலிவிஷனில் வர வேண்டும் என்று ஆசையும் இருந்தது. ஆசைப்பட்டதில் தப்பென்ன?

* ஆங்கிலத்தில் ‘நீங்க’ கிடையாது, தெரியும். கழுத்துத்துணியோடு வந்து அப்படிக் குனிந்து கேட்டால் அது ‘நீங்க’தான்.

ஏழு முறை எடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் அவள் தேய்த்து வெளுக்க வைத்தாள், உதவியாளன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே மறுபடி ஊற்றினான். ஆறாவது முறை அவள் முகம் இறுகி, உதடு நடுங்கியது. அவளுக்கு வந்தது அவமானம். “அற்புதம், இதுதான் வேணும்” என்று காமிராவுக்குப் பின்னாலிருந்து ரூபர்ட் முணுமுணுத்தான்.

மதுரையில் எனக்குப் புல்லரித்தது அந்த முகத்துக்குத்தான்.

6

ஒளிபரப்பு ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு. எட்னா வீட்டில் பெட்டி இல்லை, ஐவி ஷட்டில்வொர்த் வீட்டில் இருந்தது. பதினொரு பேர் ஐவியின் முன்னறையில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். எட்னா நீலக் கவுன் போட்டுக்கொண்டு, பன்றித்தொடை வைத்த சாண்ட்விச் ஒரு தட்டு நிறையச் செய்து கொண்டுபோனாள். நட்சத்திரத்துக்கு நடு நாற்காலி கொடுத்தார்கள்.

பதினெட்டு நிமிடம். மில் புகைபோக்கி வந்தது, நாய் வந்தது, மறுபடி புகைபோக்கி வந்தது. பிறகு எட்னா வந்தாள். யாரோ கை தட்டத் தொடங்கி, சேற்றைப் பார்த்ததும் நிறுத்தினார்கள். வெண்ணெய்க் குரல் தன் வரியைச் சொன்னது. அதோடு விடவில்லை, “இந்தத் தெருவில் பெண்கள் இதற்குப் பழகிவிட்டார்கள்” என்றும் சொன்னது.

ஐவி எழுந்து பெட்டியை அணைத்தாள். திரை நடுவில் வெள்ளைப் புள்ளி சுருங்கி மறையும் வரை எல்லாரும் அதையே பார்த்தார்கள்.

“சத்தம் நல்லாக் கேட்டுச்சு” என்றான் வில்ஃப். பாவம், ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தான்.

சாண்ட்விச்சை யாரும் தொடாமல் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். எட்னா வாசல் வரை வந்து, சேறு அந்தப் படக்காரன் ஊற்றியது, நம் வீட்டுடையது இல்லை என்று ஐவியிடம் சொன்னாள்.

“தெரியும்டி. ஜன்னல்ல நின்னு ஏழு தடவையும் பாத்தேன். ஊத்துனது அவன். முட்டி போட்டது யாரு?”

எட்னா சாண்ட்விச் தட்டை அங்கேயே விட்டுவிட்டுத் தெருவைத் தாண்டினாள். ஐவியை வெறும் புறணிக்காரியாகத்தான் கதைக்குள் கொண்டுவந்தேன். இந்த வரியை அவள் எங்கிருந்து எடுத்தாள் என்று தெரியவில்லை.

7

முடிவுகள்.

அ. மறுநாள் மூன்று மணிக்கு அல்மா தெருப் பெண்கள் எல்லாரும் வாளியோடு வெளியே வந்து, வரிசையாக முட்டிபோட்டு… (இந்த முடிவை ரூபர்ட்டுக்கே கொடுத்துவிடுங்கள். உயரத்தில் காமிராவை வைத்து எடுப்பான். பரிசு வாங்குவான்.)

ஆ. அந்தக் காலத்தில் டெலிவிஷன் நாடகங்களைப் பதிவு செய்த நாடாவை, சிக்கனத்துக்காக, அழித்துவிட்டு அதன்மேலேயே வேறொன்றைப் பதிவு செய்வார்கள். எத்தனையோ நல்ல நாடகம் அப்படிக் குதிரைப் பந்தய ஒளிபரப்புக்குக் கீழே போனது. எட்னாவின் படத்தையும் அப்படி அழித்துவிடலாம் என்று சபலம் தட்டியது. ஆனால் இது நாடாவில் எடுத்ததில்லை, படச்சுருள். சுருளைப் பத்திரமாக வைத்தார்கள், கடல் தாண்டியும் அனுப்பினார்கள். நான் எழுதினேன். நீங்கள் படிக்கிறீர்கள். அழிக்கிற யோக்கியதை நம்மில் யாருக்கும் இல்லை.

இ. எட்னா ரூபர்ட்டுக்குக் காரசாரமாக ஒரு கடிதம்… (எழுதினாள். மூன்று பக்கம். நான் படித்துப் பார்த்தேன், என்னுடைய தமிழ் நடையில் இருந்தது. கிழித்துவிட்டேன்.)

8

மிஞ்சியது வெள்ளிக்கிழமை காலைதான்.

எட்னா ராத்திரி தூங்கவில்லை. இன்று ஒரு நாள் வெளியே போகாதே என்று வில்ஃப் வேலைக்குக் கிளம்பும்போது சொல்லிவிட்டுப் போனான். ஆறரைக்கு அவள் வாளியை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். இரண்டு பக்கமும் பார்க்கவில்லை. முட்டிபோட்டாள், தேய்த்தாள், கழுவினாள், மஞ்சள் கல்லால் ஓரம் இழுத்தாள். கோடு ஒரு இடத்தில் வளைந்தது. அதைத் துடைத்துவிட்டு மறுபடி இழுத்தாள்.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. ஐவி தெருவைத் தாண்டி வந்தாள். கையில் எட்னாவின் தட்டு, நேற்று விட்டுவிட்டு வந்தது. கழுவித் துடைத்திருந்தாள்.

அல்மா தெருவில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. புதிதாகத் தேய்த்த படியை மிதிக்கக் கூடாது. பாதிரியாரானாலும் சரி, காலை எட்டிப்போட்டுத் தாண்டித்தான் வீட்டுக்குள் போக வேண்டும். தெரிந்தே ஒருத்தி ஈரப்படியை மிதித்தால், அந்த வீட்டோடு அவளுக்கு இனிப் பேச்சில்லை என்று அர்த்தம். அவளைப் பார்த்து, தெருவும் அந்த வீட்டோடு பேச்சை நிறுத்திவிடும்.

எட்னா எழுந்து ஒதுங்கி, கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

“கெட்டில்ல தண்ணி கொதிச்சிருக்கு” என்றாள். “உள்ள வாயேன், ஐவி.”

ஐவி படியருகே வந்து நின்றாள். வீட்டுச் செருப்பு போட்டிருந்தாள். காலைத் தூக்கினாள்.

இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டேன், இரண்டு மாதம் ஆகிறது. அவள் காலைப் படி தாண்டி உள்ளே இறக்க எனக்குக் கொள்ளை ஆசை, அதனாலேயே என்னை நம்ப முடியவில்லை. படியில் இறக்கினால் கதை ஓங்கி அடிக்கும், அதைப் பற்றி ஆறு பக்கம் எழுதலாம். இனி உங்கள் பாடு. இறக்குங்கள். ஆனால் இறக்குவதற்கு முன்னால் ஒரு தடவை எட்னாவின் முகத்தைப் பாருங்கள், படிமமெல்லாம் வேண்டாம், சும்மா முகத்தை. அவள் உங்கள் காலையேதான் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.