இலவச மெட்டுக்குச் சொந்தக்காரன்

1

இந்தக் கதை கதையாகப் பிறக்கவில்லை. ஆட்சேப மனுவாகப் பிறந்தது. ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு டேனரியில் கணக்கு எழுதும் கிறிஸ்துராஜ், "நீ எழுதறவன்தானேண்ணா, நாலு வரி போட்டுக் குடு" என்றான். உட்கார்ந்தால் பக்கம் பக்கமாக வந்தது. வீடியோ தளத்தில் ஆட்சேபம் எழுதும் பெட்டி அவ்வளவு ஏற்காது. மிஞ்சியது உங்கள் தலையில்.

விஷயம் இதுதான். ஞாயிறுதோறும் சர்ச்சில் கீபோர்டு வாசிக்கும் கிறிஸ்துராஜ், வாழ்க்கையில் சொந்தமாக ஒரே ஒரு மெட்டுப் போட்டான். 'யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், காசு வேண்டாம்' என்று இணையத்தில் ஏற்றினான். கல்யாண வீடியோ, செருப்புக் கடை, குடியாத்தம் லுங்கிக் கடை விளம்பரம், அவன் சபையின் கிறிஸ்துமஸ் ஆராதனை என்று எல்லாவற்றின் அடியிலும் அது ஓடியது. பிறகு எங்கோ இருக்கும் ஓர் இசைக் கம்பெனி அதைத் தன் பெயரில் பதிந்துகொண்டு, அத்தனை வீடியோக்களின்மீதும் உரிமை கோரியது. கிறிஸ்துராஜ் முதன்முதலில் ஏற்றிய வீடியோவையும் விடவில்லை.

(வியாபாரிகள் நடுவில் வளர்ந்தவன் சொல்கிறேன்: எங்கள் தெருவில் ஒன்றைச் சும்மா கொடுத்தால், வாங்குகிறவன் முதலில் அதை முகர்ந்து பார்ப்பான்.)

2

கைவிட்ட தொடக்கங்கள்:

'பாலாற்றில் தண்ணீர் இல்லாத ஒரு மாலையில்…' (எல்லா மாலையும் அப்படித்தான்.)

'இறந்துபோன மகள் ஃபீபிக்காக அவன் போட்ட தாலாட்டு அது…'

இரண்டாவதை அவன் மனைவி டோரதி படித்துவிட்டாள். நர்ஸ், சாவைப் பற்றி அவளிடம் கதை விட முடியாது.

"இன்னாத்துக்குண்ணா எங்க ஃபீபிய சாகடிச்சீங்க? அது உள்ள ஹோம்வொர்க் எழுதினு இருக்குது."

"படிக்கிறவங்களுக்குக் கொஞ்சம் இரக்கம் வரட்டும்னுதான்."

"ஏன், எங்களப் பாத்தா வராதா?"

அந்த வரியை அடித்துவிட்டேன். இந்தக் கதையில் யாரும் சாகவில்லை. அதுதான் சிரமம்.

3

செயலாளர் தேவசகாயம் சபைக் கமிட்டியின் சார்பில் கிறிஸ்துராஜின் வீட்டுக்கே வந்தார்.

"தம்பி, தப்பா நெனச்சுக்காத. கிறிஸ்துமஸ் வீடியோவுல சத்தத்தையே எடுத்துட்டாங்க. பாஸ்டர் வாய் மட்டும் அசையுது. திருட்டு மெட்டுன்னு ஜனங்க பேசிக்கிறாங்க."

"அது என் மெட்டு, ஐயா."

"சரிப்பா. அத எழுத்துல வாங்கிக் குடு. அதுவரைக்கும் நீ கீபோர்டுல உக்கார வேணாம்."

"வாங்க முடியலன்னா?"

"ஜெபம் பண்ணிக்கலாம்."

கிறிஸ்துராஜுக்கு டேனரியில் பெயர் கிடையாது. 'அக்கவுண்ட்ஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தக் கீபோர்டின் முன்னால் மட்டுமே அவன் கிறிஸ்துராஜ்.

4

அவன் முதலில் அனுப்பிய ஆட்சேபம் தள்ளுபடியானது. அடுத்தது மேல்முறையீடு. அதற்கு யோசனை சொன்னவன் அவனுடைய தோஸ்த் யாசிர், தோல் புரோக்கர்.

எங்கள் ஊரில் ஒருவன் 'முடியாது' என்றால் பேச்சு இனிமேல்தான் ஆரம்பிக்கிறது என்று பொருள். வாங்குகிறவன் எழுந்து செருப்பை மாட்டுவான். விற்கிறவன் டீ சொல்வான். கடைசியில் இருவரும் நடுவில் எங்காவது சந்திப்பார்கள்.

"மொத்தமும் என்னுதுன்னு நின்னா எவன்டா எறங்கி வருவான்?" என்றான் யாசிர். "பாதி உங்களுதாவே இருக்கட்டும்னு எழுது. அவனும் மனுசன்தானே, கால்வாசிக்கு வந்துடுவான்."

"முழுசும் நான் போட்டதுடா."

"உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். பேரம் பேசும்போது உண்மைய எதுக்கு உள்ள இட்டாந்து பேஜார் பண்ற?"

கிறிஸ்துராஜ் அப்படியே எழுதி அனுப்பினான். டீ வரவில்லை. பதில்தான் வந்தது: பாதி தன்னுடையதல்ல என்று மனுதாரரே ஒப்புக்கொண்டிருப்பதால் மேல்முறையீடு நிராகரிக்கப்படுகிறது. வீடியோ நீக்கப்பட்டது.

[அடிக்குறிப்பாகப் போட நினைத்தது: யாசிரை வில்லனாக்கப் பார்த்தேன், முடியவில்லை. செய்தி கேட்டதும் வேலையைப் போட்டுவிட்டு வந்து கிறிஸ்துராஜ் வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தான். "எதிர்ல ஆளே இல்லடா. நான் யார்கிட்டடா பேசினேன்?" என்றான்.]

5

முடிவுகள், உங்கள் பார்வைக்கு:

அ) கம்பெனி மன்னிப்புக் கேட்கிறது. (எழுதும்போதே சிரித்துவிட்டேன்.)

ஆ) மெட்டை எடுத்துக்கொண்டவர்கள் எல்லோரும் அவனுக்காகச் சாட்சி சொல்ல வருகிறார்கள். (கல்யாண வீடியோக்காரர்கள் அவன் போனை எடுப்பதில்லை. லுங்கிக் கடைக்காரர், "திருட்டு சரக்க எங்க தலைல கட்டினியேப்பா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.)

இ) மனம் தளராத கிறிஸ்துராஜ் இன்னொரு மெட்டுப் போட்டு, அதை…

6

கடைசியாக ஒரு வழி பாக்கி இருந்தது. 'இது முழுக்க என் சொந்தப் படைப்பு' என்று சத்தியம் செய்து, கையெழுத்திட்டு அனுப்பவேண்டும். பொய்யென்றால் வழக்கு வரலாம். அவன் கேட்ட நாலு வரி இதற்குத்தான். சுருக்கி எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். படித்தான். பேனாவை எடுத்தான். கையெழுத்துப் போடவில்லை.

"எனக்கே இப்ப சந்தேகமா இருக்குதுண்ணா."

"இன்னாது?"

"எங்கனா கேட்டிருப்பேனோ? பஸ்ல, கடையில… கேட்டது மனசுல தங்கி, நானே போட்டதா நெனச்சுக்கினேனோ? அவ்ளோ பெரிய கம்பெனி, சும்மாவா சொல்லுவான்?"

அவன் டோரதியைப் பார்த்தான்.

"நீ சொல்லு. நான்தானே போட்டேன்?"

"அன்னிக்கு எனக்கு வார்டு டூட்டி" என்றாள் அவள், மெதுவாக. "வந்து பாக்கறேன், நீங்க வாசிச்சினு இருந்தீங்க. எனக்கு அவ்ளோதான் தெரியும்."

இந்த இடத்தில் அவளை 'நீங்கதான் போட்டீங்க' என்று சொல்லவைப்பது எனக்கு ஒரு வரி வேலை. எழுதினேன், அடித்தேன், மறுபடி எழுதினேன், அடித்தேன். அவள் பொய்ச் சத்தியத்துக்குப் பயப்படுகிறவள். மெட்டு பிறந்த அறையில் அவனைத் தவிர யாருமில்லை. நானும் இல்லை. நீங்களும் இல்லை.

ஆனால் இவ்வளவு தூரம் படித்திருக்கிறீர்கள். அவன் பேனாவை இன்னும் கீழே வைக்கவில்லை. நம் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறான். டோரதி சொல்லமாட்டாள். என் வாயும் எழவில்லை. நீங்கள் சொல்வீர்களா?