வாசல் மண்ணில் வளர்ந்த வேம்பு

மரக்கன்றுகள் வெயிலாலும் தண்ணீராலும் உயர்கின்றன என்ற நம்பிக்கை பள்ளிப் பாடப்புத்தகங்கள்வரை பரவிவிட்டது. இனியும் இதைப் பொறுத்துக்கொள்வதற்கில்லை. கன்றின் உயரத்தைத் தீர்மானிப்பது பையில் நிரப்பும் மண்தான். செம்மண்ணும் மணலும் தொழுவுரமும் கலந்தால் நிதானமாக வளரும். தென்னைநார்க் கழிவில் அவசரமாக வளர்ந்து சாயும். ஒருவர் விட்டுப்போன வீட்டின் வாசல் மண்ணில் நட்டால், போனவரின் உயரத்தை எட்டி அங்கேயே நின்றுவிடும்.

நின்றதும் எங்கள் நாற்றுப் பண்ணையிலிருந்து கடிதம் போகும். அதில் பெயர் எழுதுவதில்லை, உயரம் மட்டும். தபால்காரர் அளவு நாடாவோடு ஊர் ஊராகப் போவார். கடிதம் கிடைத்தவர் வந்து கன்றின் அருகே நின்று கையெழுத்திட்டு, மண் எடுத்த வீட்டுக்குத் திரும்ப வேண்டும். இதுவரை யாரும் மறுத்ததில்லை.

நான் அந்தப் பண்ணையின் மேற்பார்வையாளன். என் மனைவி கோகிலவாணி போன ஆடியில் அக்காள் ஊருக்குப் போனாள், திரும்பவில்லை. அவள் ஐந்தடி ஓர் அங்குலம். வாசற்படி அருகே மண் அள்ளி, பண்ணையில் ஒரு பையில் வேம்பு நட்டேன். பக்கத்தில் கம்பு ஊன்றி, அவள் உயரத்தில் சிவப்பு நூல் கட்டினேன்.

பங்குனியில் ஒரு திங்கட்கிழமை கொழுந்து நூலைத் தொட்டது. அன்று முடி வெட்டிக்கொண்டேன். வீட்டில் ஒட்டடை அடித்தேன்.

செவ்வாய்க்கிழமை நூலுக்கு மேலே ஓர் இலை இருந்தது.

பை நிரப்பும் தெய்வாத்தாள் வந்து பார்த்தாள்.

"ஏனுங், மண்ணைச் சலிச்சீங்களா?"

"இல்லை."

"ஊருக்கெல்லாம் சலி சலின்னு சொல்லத் தெரியுது. எங்க அள்ளுனீங்க?"

"வாசல்லதான். அவ கோலம் போடுற இடம்."

"அவங்க போனப்புறம் அங்க ஆரு நிக்கறாங்?"

தினமும் சாயங்காலம் பஸ் வரும்வரை அங்கே நிற்பவன் நான்தான். என் உயரம் ஐந்தடி ஏழு.

"அப்ப ரெண்டுக்கும் நடுவுலதான் போய் நிக்கும்," என்றபடி அவள் அடுத்த பையை நிரப்பப் போனாள்.

கன்று ஐந்தடி நாலு அங்குலத்தில் நின்றது. அளவு எதுவானாலும் விதிப்படி கடிதம் அனுப்பித்தான் ஆக வேண்டும். அனுப்பினேன்.

சித்திரையில் ஒரு வியாழக்கிழமை கடிதத்தோடு ரங்கராஜு வந்தார். ஓய்வுபெற்ற சர்வேயர், நரைத்த மீசை, கையில் ஒரு டம்ளர். வேம்பின் அருகே நிமிர்ந்து நின்றார். அளவு சரியாக இருந்தது. கையெழுத்திட்டுவிட்டு, "வீட்டுச் சாவி யார்கிட்ட இருக்கு?" என்றார். கொடுத்தேன்.

சாப்பிடும்போது கோகிலவாணியின் பலகையில்தான் உட்காருகிறார். ரசத்தில் புளி தூக்கல் என்கிறார். அவளும் அதைத்தான் சொல்வாள்.

சாயங்காலங்களில் இருவரும் வாசலில் நின்று பஸ் வரும் திசையைப் பார்க்கிறோம். படியருகே நாங்கள் நிற்கும் இடத்தில் மண் ஓர் அங்குலம் இறங்கியிருக்கிறது.