விரத வீட்டில் காமாட்

கந்தசஷ்டி விரதத்தின் ஐந்தாம் நாள் காலையில், மாவு டின்னுக்குப் பின்னால் ஒரு கறுப்புத் துண்டைக் கண்டதும் தங்கரத்தினத்தின் சந்தேகம் உறுதியாகிவிட்டது. கட்டைவிரல் தடிமன், கடல் வாடை. கத்தோலிக்கப் பெண்ணைக் கட்டி மகன் பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டுக்கு அழைத்து வந்த நாளிலிருந்தே அவளுக்கு மருமகள் லூசி மேல் ஒரு கண்.

தங்கரத்தினத்தின் காலில் ஆறாத புண். அதற்கு மருந்து என்று லூசி தினமும் ஒரு டம்ளர் கொழகொழ நீர் கொடுப்பாள். என்னவென்று கேட்டால், "புண்ணுக்கு நல்லது மாமி." அவ்வளவுதான். விரதம் தொடங்கியதிலிருந்து அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு வேறு காய்ச்சுகிறாள். கள்ளத்தனம் இல்லாமல் கதவு எதற்கு? அந்த வீட்டில் ஒரு பிள்ளை பிறக்க வேண்டும் என்றுதான் இந்த விரதமே. மச்சம், அதாவது மீனோ இறைச்சியோ, வாயில் பட்டால் எல்லாம் பாழ்.

துண்டை எடுத்துக்கொண்டு நேரே மகனிடம் போனாள். சீவரத்தினம் கிள்ளானில் ஆறாம் படிவத்துக்கு விலங்கியல் நடத்துகிறவன்.

"இது செடியா, உயிரா? பொண்டாட்டிக்குப் பயப்படாம சொல்லு."

அவன் முகம் ஒரு மாதிரியானது. "சட்டுனு சொல்ல முடியாதும்மா. தலை இல்ல, கால் இல்ல. நாங்க உடம்பு அமைப்பைத்தான் பார்ப்போம்." சுற்றி வளைத்தபடி கத்தியால் குறுக்கே வெட்டினான். "பாருங்க, அஞ்சு வரி. நட்சத்திர மீனுக்கு அஞ்சு கை. ரெண்டும் ஒரே கூட்டம்லா."

"அப்போ மீன்."

"மீன் இல்ல, முதுகெலும்பு கிடையாது. ஆனா கருவுல வாய் உண்டாகிற விதத்தைப் பார்த்தா, இறால், நண்டை விட இதுதான் நமக்குக் கிட்டத்துச் சொந்தம்."

சொந்தக்காரனையே குடித்திருக்கிறோமே என்று தங்கரத்தினம் துண்டைத் தட்டிவிட்டாள். லூசியைக் கூப்பிட்டாள்.

"விரதத்துல எனக்கு மச்சம் காய்ச்சிக் குடுத்திருக்கே. இனி நீயும் நானும் ஒரே வீட்டுல இருக்க முடியாது. பெட்டியைக் கட்டு."

சீவரத்தினம் எழுந்தான். "அம்மா, இந்தக் காமாட்டை, அதான் கடல் அட்டையை, பாசார்ல வாங்கினது நான். உங்ககிட்ட சொல்லாம குடுக்கச் சொன்னதும் நான்தான். புண் இப்படியே போனா காலை எடுக்கணும்னு டாக்டர் சொன்னாரு. விரதத்தைப் பார்த்தா முடியுமா?"

"குடுத்தவ அவதானே?" தங்கரத்தினம் விடவில்லை.

"குடுக்கல மாமி," என்றாள் லூசி. "விரதம் தொடங்கின அன்னைக்கே நிறுத்திட்டேன். அதான் துண்டு முழுசா இருந்துச்சு. அவருக்குத் தெரிஞ்சா ஏசுவாருன்னு கதவைச் சாத்திக்கிட்டு அதுக்குப் பதிலா அகார்-அகார் காய்ச்சினேன். அது வெறும் கடல்பாசி." கொஞ்சம் நிறுத்தினாள். "எனக்குப் பிள்ளை வேணும்னுதானே பட்டினி கிடக்கிறீங்க. அதை நானே கெடுப்பேனா?"

தங்கரத்தினத்துக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இத்தனை வருஷமாகச் சந்தேகப்பட வேண்டியவனைச் சந்தேகப்படாமல், சோறு போட்டவளை உளவு பார்த்திருக்கிறாள்.

"நாளைக்குச் சூரன்போர்," என்றாள் மருமகளிடம். "கோயிலுக்கு என்னை நீ கைபிடிச்சுக் கூட்டிட்டுப் போ. இவன் வரவேண்டாம்."